ஒரே மஞ்சளில் மூன்று பேர்

மருந்துக் கடையிலும் வேதிப்பொருள் விற்பனையாளரிடமும் ‘குர்குமின்’ என்று ஒட்டுச்சீட்டோடு வரும் புட்டியைத் திறந்தால், பெரும்பாலும் உள்ளே இருப்பது ஒரே சேர்மம் அல்ல. குர்குமின், டிமெத்தாக்சிகுர்குமின், பிஸ்டிமெத்தாக்சிகுர்குமின் என்று மூன்று பேர் கலந்திருப்பார்கள். முதலாமவர் முக்கால் பங்குக்குச் சற்றுக் கூடுதல், இரண்டாமவர் ஆறில் ஒரு பங்கு, மீதிச் சொச்சம் மூன்றாமவர். மஞ்சளின் நிறப்பொருளை ஃபோகலும் பெல்லெட்டியரும் பிரித்தது 1815-ல். அதன் அமைப்பு தெரிந்தது 1910-ல். அது ஒருவரல்ல, மூவர் என்பதை 1953-ல் கே.ஆர். சீனிவாசன் குரோமட்டோகிராபி வழியே காட்டினார். மஞ்சளிலிருந்து மஞ்சள் நிறத்தை எடுப்பது எளிது. மூவரையும் தனித்தனியே நிறுத்தி, யார் யார் என்று நிரூபிப்பதில்தான் வேலை இருக்கிறது.

விரலி மஞ்சளை நன்றாகக் காயவைத்து அரைத்துக்கொள்ள வேண்டும். கடையில் கிடைக்கும் பாக்கெட் தூள் வேண்டாம். மாவு கலந்திருக்கலாம், அதைவிட மோசமாகச் சாயமும் கலந்திருக்கலாம். காய்ந்த மஞ்சளில் நிறப்பொருள் பொதுவாக 2 முதல் 5 சதவீதம். நூறு கிராம் எடுத்தால் கடைசியில் கையில் நிற்பது ஓரிரு கிராம் என்ற கணக்கோடு தொடங்குவது நல்லது.

தூளை சாக்ஸ்லெட் கருவியில் வைத்து, முதலில் ஹெக்சேன் ஊற்றிச் சில மணி நேரம் ஓட்டுங்கள். மஞ்சளின் மணத்துக்குக் காரணமான டர்மரோன் முதலிய எண்ணெய்கள் அதில் போய்விடும். நிறப்பொருள் ஹெக்சேனில் ஏறக்குறைய கரையாது. அவசரத்தில் இந்தப் படியைத் தாண்டுபவர்களுக்குப் பிறகு படிகமே ஆகாத பிசுபிசுப்பான குழம்புதான் மிஞ்சும். எண்ணெய் போன தூளை உலர்த்தி, அசிட்டோனிலோ எத்தில் அசிட்டேட்டிலோ மறுபடி ஓட்டினால் ஆரஞ்சு நிறச் சாறு இறங்கும். அதை ரோட்டரி எவாப்பரேட்டரில், நீர்த்தொட்டி 40 டிகிரியைத் தாண்டாமல், வற்றவைக்க வேண்டும்.

இந்த இடத்திலிருந்து இரண்டு எதிரிகள்: வெளிச்சமும் காரமும். குடுவையைச் சுற்றி அலுமினியத் தாள் சுற்றிவிடுங்கள். காரத்தைப் பற்றி நம் வீடுகளில் விளக்க வேண்டியதில்லை. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதே அந்த வேதிவினைதான். ஆனால் சிவக்கும் குர்குமின் அப்படியே நிலைத்திருப்பதில்லை, உடையவும் செய்கிறது. நம் ரத்தத்தின் அளவுக்கே காரத்தன்மை உள்ள, 37 டிகிரி பஃபர் கரைசலில்கூட அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்துவிடும். சோப்பு நீர் சரியாகக் கழுவப்படாத குடுவை போதும், விளைச்சல் குறைய.

வற்றிய சாற்றைச் சிறிது ஹெக்சேன் விட்டுக் கண்ணாடிக் கோலால் தேய்த்தால் மிச்ச எண்ணெயும் கழன்று, ஆரஞ்சு மஞ்சள் திடப்பொருள் தங்கும். இதை வடிகட்டி உலர்த்தினால் பார்க்கத் தூய்மையாகத்தான் தெரியும். ஒரு துளி கரைசலை, சிலிக்கா பூசிய டி.எல்.சி. தகட்டில் வைத்து, 95 பங்கு குளோரோபார்முக்கு 5 பங்கு மெத்தனால் கலவையில் ஏற்றிப் பாருங்கள். மூன்று மஞ்சள் பொட்டுகள் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பிரிந்து நிற்கும். புற ஊதா விளக்கோ, சாயம் தெளிப்பதோ தேவையில்லை, வெறும் கண்ணுக்கே தெரியும். கரிமச் சேர்மங்களைப் பிரிக்கப் பழகும் மாணவருக்கு முதல் பாடமாக மஞ்சளைக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மேலே ஏறுவது குர்குமின், நடுவில் டிமெத்தாக்சி, அடியில் பிஸ்டிமெத்தாக்சி. குர்குமினில் இருபுறமும் ஹைட்ராக்சில் தொகுதிக்குப் பக்கத்தில் ஒரு மெத்தாக்சி தொகுதி உண்டு. அது ஹைட்ராக்சிலின் ஹைட்ரஜனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வதால், சிலிக்காவுக்குப் பிடிமானம் குறைகிறது. மெத்தாக்சி இல்லாத மூன்றாமவரின் ஹைட்ராக்சில்கள் சிலிக்காவை இறுகப் பற்றிக்கொண்டு பின்தங்குகின்றன.

அடுத்தது குழல் குரோமட்டோகிராபி. பிரிக்க வேண்டிய பொருளின் எடையைப் போல முப்பது முதல் ஐம்பது மடங்கு சிலிக்காவைக் குளோரோபார்மில் குழைத்து, கண்ணாடிக் குழலில் காற்றுக் குமிழ் இல்லாமல் இறக்குங்கள். எல்லாம் புகைபோக்கிக் கூண்டுக்குள். உலர்ந்த சிலிக்காத் தூளும் மூக்குக்கு ஆகாது. கலவையைக் கொஞ்சம் சிலிக்காவோடு சேர்த்து உலர்த்தி, மேலே சமமாகப் பரப்பி, முதலில் குளோரோபார்ம் மட்டும், பிறகு மெத்தனாலைத் துளித்துளியாகக் கூட்டி ஓட்ட வேண்டும். ஒரே பட்டையாக இருந்தது மெல்லப் பிளந்து, இடையில் வெள்ளைச் சிலிக்கா தெரிய ஆரம்பிக்கும். மேல்மட்டம் ஒரு தடவை வறண்டாலும் சிலிக்காவில் வெடிப்பு விழும். பட்டைகள் கோணலாகி ஒன்றோடொன்று கலந்துவிடும். சோதனைக் குழாய்களில் சேர்ந்ததை ஒவ்வொன்றாக டி.எல்.சி.யில் பார்த்து, ஒரே பொட்டு காட்டுபவற்றை மட்டும் சேருங்கள். இரண்டு பொட்டு காட்டும் இடைக் குழாய்களைத் தனியே வையுங்கள். அளவு கூடட்டும் என்று அவற்றையும் ஊற்றிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும்.

முதல் பட்டையை வற்றவைத்து, கொதிக்கும் மெத்தனாலில் முடிந்த அளவு குறைவாகக் கரைத்து, மெதுவாக ஆறவிட்டால் ஊசி ஊசியாகப் படிகம் வரும். உருகுநிலை 183 டிகிரி செல்சியஸ் அருகே, ஓரிரு டிகிரி இடைவெளிக்குள் இருக்க வேண்டும். அதற்கு முன்பே இளகி, நெடுநேரம் உருகிக்கொண்டே இருந்தால் இன்னும் கலப்பு உண்டு, மறுபடி குழலில் ஓட்ட வேண்டியதுதான்.

இனி அடையாளம். நிறமாலைமானியில் மெத்தனால் கரைசல் 420 நானோமீட்டர் வட்டாரத்தில் உச்சம் காட்டும், ஆனால் மூவருமே ஏறக்குறைய அங்கேதான் நிற்பார்கள். அதை வைத்து யாரையும் பிரித்தறிய முடியாது. நிறை நிறமாலை உதவும். ஒரு புரோட்டான் ஏறிய அயனிகள் 369, 339, 309 என்று வரும்; ஒவ்வொரு படிக்கும் முப்பது குறைகிறது, அதாவது ஒரு மெத்தாக்சி போய் ஒரு ஹைட்ரஜன் வந்திருக்கிறது.

என்.எம்.ஆர். இன்னும் அழகு. குர்குமினில் 21 கார்பன். ஆனால் கார்பன் நிறமாலையில் கோடுகள் 11 மட்டும். மூலக்கூறின் இரு பாதிகளும் ஒன்றுபோல இருப்பதால் பத்து ஜோடிகளுக்குப் பத்துக் கோடு, நடுக் கார்பனுக்கு ஒன்று. டிமெத்தாக்சியில் ஒரு பாதிக்கு மட்டும் மெத்தாக்சி இருப்பதால் சமச்சீர் கெட்டு, கோடுகள் இரட்டிக்கின்றன. பிஸ்டிமெத்தாக்சியில் சமச்சீர் திரும்பி, வெறும் எட்டுக் கோடுகள். குர்குமினின் புரோட்டான் நிறமாலையில் 3.9 பி.பி.எம். அருகே ஆறு ஹைட்ரஜன்களுக்கு மெத்தாக்சி, 5.8-ல் நடுவிலிருக்கும் தனி ஹைட்ரஜன், இரட்டைப் பிணைப்பு ஹைட்ரஜன்களுக்கு இடையே ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸ் இணைப்பு. அந்த 16, இரட்டைப் பிணைப்பு டிரான்ஸ் அமைப்பு என்பதற்குச் சாட்சி.

தூய்மைக்கு எச்.பி.எல்.சி. வழக்கம். அங்கே வரிசை தலைகீழ்: சி-18 குழலில் பிஸ்டிமெத்தாக்சி முதலில் வந்து, குர்குமின் கடைசியில் வரும். 425 நானோமீட்டரில் 99 சதவீதம் என்று காகிதம் வந்தவுடன் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்த அலைநீளத்தில் கருவிக்குத் தெரிவது மஞ்சள் நிறமுள்ளவை மட்டுமே. படிகத்தில் தங்கிய மெத்தனால், நழுவி வந்த சிலிக்கா, ஈரம் எதுவும் தெரியாது. செல்களில் குர்குமின் காட்டும் ‘விளைவு’கள் பல சோதனை முறையையே ஏமாற்றுபவை என்று 2017-ல் நெல்சன் குழுவினர் மருந்து வேதியியல் இதழில் எழுதினார்கள், எடுத்த பொருளே இன்னதென்று தெரியாமல் அந்த விவாதத்துக்குள் போவதில் பயனில்லை. எனவே வெற்றிடத்தில் உலர்த்திய பிறகு, எடை துல்லியமாகத் தெரிந்த வேறொரு தூய பொருளைச் சேர்த்து என்.எம்.ஆர். எடுத்து, இரண்டின் பரப்பளவுகளையும் ஒப்பிட்டு உண்மையான எடைச் சதவீதம் காணுங்கள். அது எச்.பி.எல்.சி. எண்ணைவிடக் குறைவாக வந்தால், புட்டியின் மேல் எழுத வேண்டியது இந்த எண்ணைத்தான்.