ஒரு பட்டனுக்குள் இத்தனை கதையா... தெரியுமா?

உங்கள் போனை எடுங்கள். நம்பர் டயல் செய்யும் பக்கத்தைத் திறங்கள். மேல் வரிசையில் 1, 2, 3. அப்படியே கால்குலேட்டருக்குப் போங்கள். மேல் வரிசையில் 7, 8, 9! ஒரே போன், ஒரே விரல், இரண்டு தலைகீழ் வரிசைகள்! தினமும் தட்டுகிறோமே, என்றைக்காவது கவனித்தோமா? கால்குலேட்டரின் வரிசை பழைய கணக்கு இயந்திரங்களிலிருந்து வந்தது. போனின் வரிசை, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1950-களின் கடைசியில் பிறந்தது. ஆட்களை உட்காரவைத்து, விதவிதமான பட்டன் அமைப்புகளைக் கொடுத்து, எதில் வேகம் அதிகம், எதில் தப்பு குறைவு என்று அளந்து முடிவுசெய்தார்கள். அந்த ஆய்வுப் பிரிவை வளர்த்த ஜான் கார்லின் ஓர் உளவியலாளர். வயலின் வித்வானும்கூட!

ஆப்பையும் இணையதளத்தையும் சுலபமாகப் பயன்படுத்தும்படி வடிவமைப்பவரை இன்றைக்கு யூஎக்ஸ், யூஐ டிசைனர் என்கிறோமே, அந்த வேலைக்கு வழிபோட்டவர்களின் பூர்வீகத்தைக் கிளறினால் இப்படித்தான் வியப்பு மேல் வியப்பு!

இரண்டாம் உலகப் போரில் பி-17 ரக குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே வயிற்றைத் தேய்த்துக்கொண்டு விழுந்தன. விமானிகள் சக்கரங்களைத் தாங்களே மடக்கிவிட்டார்கள்! தூக்கக் கலக்கமா, பயிற்சிக் குறைவா? அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற இளம் உளவியலாளர் விமானியை விட்டுவிட்டு விமானி அறையைப் பார்த்தார். இறக்கையின் மடல்களுக்கான (ஃபிளாப்) விசையும் சக்கரத்துக்கான விசையும் பக்கத்துப் பக்கத்தில், அச்சு அசலாக ஒரே மாதிரி! சக்கர விசையின் நுனியில் ஒரு குட்டி ரப்பர் சக்கரத்தை மாட்டினார். மற்றதில் ஆப்பு வடிவத் துண்டு. பார்க்கவே வேண்டாம், கை தொட்டாலே தெரிந்துவிடும். இன்றைய பெரிய பயணிகள் விமானங்களிலும் சக்கர விசையின் கைப்பிடி சக்கர வடிவில்தான் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து விதி!

அடுத்தவர் சூசன் கேர். நுண்கலையில் முனைவர் பட்டம் பெற்றவர். 1980-களின் தொடக்கத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? ஓர் அருங்காட்சியகத்துக்காக நிஜ அளவிலான காட்டுப்பன்றிச் சிலையை வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்! அப்போது ஆப்பிளில் வேலைபார்த்த பள்ளித் தோழர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டிடமிருந்து அழைப்பு. மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்குப் படங்கள் வரைய வேண்டும். ஐகான் வரையும் மென்பொருள் அப்போது கையில் இல்லை. கிராஃப் நோட்டு வாங்கினார். குறுக்கே 32 கட்டம், நெடுக்கே 32 கட்டம், மொத்தம் 1,024. ஒவ்வொரு கட்டமும் கறுப்பு அல்லது வெள்ளை, சாம்பல் நிறத்துக்குக்கூட இடமில்லை. அந்தச் சிறைக்குள்தான் குப்பைத்தொட்டி, சிரிக்கும் கம்ப்யூட்டர், திரி எரியும் வெடிகுண்டு எல்லாம் பிறந்தன! ஆப்பிள் விசைப்பலகையில் நான்கு மூலையிலும் வளையம் வைத்த ஒரு குறி இருக்கிறதல்லவா? ஸ்வீடனில் ‘பார்க்க வேண்டிய இடம்’ என்று காட்டும் சாலைப் பலகைக் குறி அது! மெனு முழுக்க ஆப்பிள் சின்னமாக இருக்கிறதே என்று ஸ்டீவ் ஜாப்ஸ் சலித்துக்கொள்ள, சின்னங்களுக்கான ஓர் அகராதியைப் புரட்டி இதைக் கண்டெடுத்தார் சூசன். ஆபீஸ் நேரத்தை விழுங்கிய விண்டோஸ் சாலிடேர் சீட்டுக்கட்டும் அவர் கைவண்ணம்தான் என்பது கூடுதல் குறும்பு.

முதல் மவுஸ் மரக்கட்டையில் செய்யப்பட்டது, 1964-ல்! கட், காப்பி, பேஸ்ட்டை உருவாக்கிய லேரி டெஸ்லர், தன் கொள்கையையே கார் நம்பர் பிளேட்டில் எழுதிக்கொண்டவர்! வேலைப் பெயரிலேயே ‘யூசர் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று முதலில் போட்டுக்கொண்டவர் டான் நார்மன், 1993-ல் ஆப்பிளில். அதற்கு முன் 1979-ல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் விபத்து. கட்டுப்பாட்டு அறையின் விளக்கு, வால்வு மூடிக்கொண்டதா என்பதைக் காட்டவில்லை. மூடச்சொல்லி உத்தரவு போனதை மட்டும் காட்டியது! வால்வோ திறந்தபடியே சிக்கிக்கிடந்தது. அங்கே ஆய்வுக்கு அழைக்கப்பட்டவர்களில் நார்மனும் ஒருவர். பழி ஊழியர்கள்மேல் இல்லை, அந்த அறையின் வடிவமைப்பின்மேல் என்பது அவர் தீர்ப்பு.

நம் ஊர் அதிசயத்தை விடலாமா? 1999-ல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடது பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது பக்கம். ‘அம்மா’ அடிக்க அ, ம, ம, ஆ, நாலே தட்டு! புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும்! ங-வை அடுத்து க, ந-வை அடுத்து த வந்தாலும் அப்படியே. நம் மொழியில் எந்த எழுத்துக்குப் பிறகு எது வரும் என்று யோசித்தவர்களின் வேலை. என்னைக் கேட்டால் தமிழில் நடந்த மிகச் சிறந்த இடைமுக வடிவமைப்பு இதுதான்.

சரி, நீங்களும் இந்த வேலைக்கு வர ஆசையா? ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளைக் கற்றுக்கொண்டால் டிசைனர் ஆகிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். அது சுலபமான பாதி. இலவசக் கணக்கு இருக்கிறது, பழகிக்கொள்ளலாம். கஷ்டமான பாதி, ஒருவர் ஆப்பில் தடுமாறும்போது வாயை மூடிக்கொண்டு பார்ப்பது! “அங்கே அழுத்துங்க சித்தப்பா” என்று நாக்கு நுனிவரை வரும், சொல்லக் கூடாது. எத்தனை பேரைப் பார்க்க வேண்டும் தெரியுமா? ஐந்தே பேர்! அதிலேயே சுமார் 85 சதவீதக் கோளாறுகள் வெளிவந்துவிடும் என்பது பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சனின் கணக்கு. டிக்கெட் எடுப்பதோ மின்கட்டணம் கட்டுவதோ, ஒரு வேலையைக் கொடுங்கள். எங்கே நின்றார்கள், என்ன முனகினார்கள் என்று எழுதுங்கள். பிறகு அந்தத் திரையைத் தாளில் மாற்றி வரைந்து, அதே ஆட்களிடம் காட்டுங்கள். போர்ட்ஃபோலியோவின் முதல் கேஸ் ஸ்டடி தயார். பளபளக்கும் திரைகளை மட்டும் அடுக்கியவரைவிட, ஏன் மாற்றினேன் என்று சொல்லத் தெரிந்தவருக்கே இன்டர்வியூவில் பேச விஷயம் இருக்கும்.

கல்லூரிப் படிப்பாகவே வேண்டுமென்றால், பிளஸ் டூ முடித்தவர்களுக்கு யூசீட், பட்டதாரிகளுக்கு சீட் என்ற நுழைவுத் தேர்வுகள் இருக்கின்றன. இரண்டு தேர்வையும் நடத்துவது ஐஐடி பாம்பே. பிளஸ் டூவில் காமர்ஸோ ஆர்ட்ஸோ படித்தவர்களும் யூசீட் எழுதலாம்! சீட் எழுத எந்தத் துறைப் பட்டமும் போதும். தேர்வு வழக்கமாக ஜனவரியில், விண்ணப்பம் அதற்குச் சில மாதங்கள் முன்பே தொடங்கிவிடும். இரண்டிலும் கையால் வரையும் பகுதி உண்டு, ஆகவே பென்சிலை இப்போதே சீவி வையுங்கள்!