ஒழுங்கு / கலைவு: வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது பற்றிச் சில குறிப்புகள்

1

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை, வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கிறோம் என்றதும் நமது வட்டத்தில் இரண்டு விதமான எதிர்வினைகள் வருகின்றன. ஒரு தரப்பு கொண்டாடுகிறது: மணி இல்லை, சீருடை இல்லை, வரிசை இல்லை, பிள்ளைங்க சுதந்திரமா வளரும். இன்னொரு தரப்பு கவலைப்படுகிறது: 'ரெண்டு சின்னப் பிள்ளைங்கள வச்சிக்கிட்டு வீடே களேபரமா இருக்குமே, எப்படிங்க சமாளிக்கிறீங்க?' இரண்டு தரப்பும் ஒரே கோட்டில்தான் நிற்கின்றன. கோட்டின் ஒரு முனையில் ஒழுங்கு, அதாவது பள்ளி, அதாவது அதிகாரம். மறுமுனையில் குழப்பம், அதாவது வீடு, அதாவது விடுதலை. வீட்டுக் கல்வி என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் காலூன்றி நிற்கிற வித்தை என்பதாக ஒரு புரிதல்.

ஏழு வயது மகளோடும் நாலு வயது மகனோடும் மூன்று வருஷமாக இதைச் செய்துவருகிற எனக்கு, இந்த இருமை எதிர்வு நடைமுறையில் உதவவில்லை. ஒழுங்கு ஒன்றல்ல, பல. குழப்பமும் அப்படியே. எந்த ஒழுங்கை வைத்துக்கொள்வது, எந்தக் குழப்பத்தை அனுமதிப்பது, இரண்டுக்கும் வீட்டில் யார் உழைக்கிறார்கள் என்று பிரித்துப் பிரித்துக் கேட்க வேண்டியிருக்கிறது. அப்படிக் கேட்டுப் பார்ப்பதே இந்தக் குறிப்புகளின் நோக்கம்.

2

வீட்டில் சொல்லிக் கொடுக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது ஒரு கால அட்டவணை போடுவது. ஒன்பது மணிக்குத் தமிழ், ஒன்பதே முக்காலுக்குக் கணக்கு. சுவரில் ஒட்டியாகிவிட்டால் மனசுக்கு ஒரு தெம்பு. இந்தத் தெம்பு எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கலாம்.

கால அட்டவணையின் வேர் கிறித்தவ மடாலயங்களில் இருக்கிறது என்று மிஷேல் ஃபூக்கோ 1975இல் வெளிவந்த தன் சிறைச்சாலை பற்றிய நூலில் காட்டினார். மடத்திலிருந்து அது பள்ளிக்கும் பட்டறைக்கும் ராணுவத்துக்கும் போயிற்று. நேரத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் ஓர் உடல் என்ன செய்ய வேண்டும் என்று வகுத்துவிட்டால், அந்த உடலை அடிக்காமலே வசப்படுத்திவிடலாம்.

இந்தக் கதையில் நம்மூருக்கும் பங்கு உண்டு. 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் விடுதியில் மூத்த பிள்ளைகளை வைத்தே இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார். நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளை நமக்குப் புதியவரல்ல. 1797இல் பெல் லண்டனில் இதை நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவியது. ஓர் ஆசிரியரைக் கொண்டு, குறைந்த செலவில், ஏராளமான ஏழைப் பிள்ளைகளை வரிசைப்படுத்தி உட்கார வைக்கிற எந்திரமாக அங்கே அது வளர்ந்தது. திண்ணையில் பத்திருபது பிள்ளைகளுக்குள் நடந்த ஒரு பழக்கம், எண்ணிக்கை பெருகியதும் மணியும் சைகையும் கண்காணிப்புமாக மாறிப்போனது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று. கடிகார ஒழுங்கு என்பது எண்ணிக்கைப் பிரச்சினைக்கான தீர்வு. நாற்பது பேரை ஓர் அறையில் வைத்திருக்கிறவருக்கு நாற்பத்தைந்து நிமிஷப் பாடவேளை தேவை. இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்தப் பிரச்சினையே இல்லை. நோயில்லாத இடத்தில் மருந்தை மட்டும் ஏன் சாப்பிட வேண்டும்?

3

அப்படியானால் ஒழுங்கே வேண்டாமா? இங்கேதான் கொண்டாடுகிற தரப்போடு நான் வேறுபடுகிறேன்.

மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில், சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939இல் அடையாறுக்கு வந்தார். போர்க்காலத்தில் இத்தாலியர் என்பதால் நாடு திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் சில காலம் இருந்து, பிள்ளைகளோடு வேலை செய்தார். ஒழுங்குக்கான தாகம் குழந்தையிடமே இருக்கிறது, ஒன்றிலிருந்து மூன்று வயது வரை அது உச்சத்தில் இருக்கிறது என்பது அவருடைய முக்கியமான கவனிப்பு. ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை, மேசை மேல் யாரோ வைத்த குடையைப் பார்த்து அழுதுகொண்டே இருந்ததாம். தாய் குடையை அங்கிருந்து அகற்றியதும் அடங்கிவிட்டதாம். மேசை குடை வைக்கும் இடமில்லை என்பது அதன் உலக ஞானம்.

குழந்தை கேட்கிற இந்த ஒழுங்கில் கடிகாரம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது இடத்தின் ஒழுங்கு: எது எங்கே இருக்கும். அதோடு வரிசையின் ஒழுங்கு: எதற்குப் பிறகு எது வரும். எங்கள் வீட்டில் சின்னவனுக்கு மணி பார்க்கத் தெரியாது. ஆனால் காலைப் பலகாரம் முடிந்தால் கதை, கதை முடிந்தால் எழுத்து, எழுத்து முடிந்தால் வெளியே, வெளியே போய்வந்தால் கை கால் கழுவிச் சோறு என்பது அத்துப்படி. கதை சில நாள் பத்து நிமிஷத்தில் முடியும், சில நாள் ஒன்றரை மணி நேரம் ஓடும். நீளம் மாறலாம், வரிசை மாறக் கூடாது. ஒருநாள் வரிசையை மாற்றினால் 'இன்னும் கதையே சொல்லலியே' என்று அவனே சட்டம் பேசுவான்.

இடத்துக்கும் இதேதான். சிலேட்டுக்கும் பலப்பத்துக்கும் ஒரு தட்டு. எண்ணுவதற்கான புளியங்கொட்டை, சோழிகளுக்கு ஒரு டப்பா. கத்தரிக்கோல் மேல் தட்டில், கேட்டு வாங்க வேண்டும். மொத்தமே நாலு தட்டுதான். பொருள் குறைவாக இருந்தால் அடுக்குவது எளிது, தேடுவதும் எளிது. கடையில் விற்கிற 'கல்வி உபகரணங்களை' வாங்கிக் குவித்தால் கல்வி வருவதற்கு முன்பு குப்பைதான் வரும்.

ஆக மூன்று ஒழுங்குகள்: கடிகாரம், வரிசை, இடம். முதலாவது நிறுவனத்துக்கு வேண்டியது. மற்ற இரண்டும் குழந்தைக்கு வேண்டியவை. வீட்டுக் கல்வி தத்தளிக்கிற பல இடங்களில், முதலாவதைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறோம்.

4

குழப்பத்துக்கும் இப்படிப் பகுத்துப் பார்த்தல் தேவை. கலைவு என்பது ஒன்று. நிச்சயமின்மை என்பது வேறொன்று.

ஒரு மத்தியானம் சின்னவன் அடுக்களையில் கொண்டைக்கடலை, மொச்சை, தட்டைப்பயறு மூன்று டப்பாவையும் ஒரே முறத்தில் கொட்டிக் கலந்துவிட்டான். பெரியவள் அதைப் பிரிக்க உட்கார்ந்தாள். முதலில் வகைவாரியாக. பிறகு உருவத்தை வைத்து. பிறகு பூச்சி அரித்தது, அரிக்காதது என்று. அரித்த கொண்டைக்கடலையை எந்தக் குவியலில் சேர்ப்பது என்று அவளுக்குச் சிக்கல் வந்தது. ஒரே பொருள் இரண்டு வகையிலும் வருமே! அன்று மாலை வரைக்கும் அதே பேச்சு. கணங்களும் வெட்டும் என்று பின்னாளில் பாடப் புத்தகம் கற்பிக்கப்போவது அந்த முறத்தில் கிடந்தது. எந்த அட்டவணையிலும் இதற்கு நேரம் ஒதுக்கியிருக்க முடியாது. கலைவு இல்லாமல் வகைப்படுத்தல் இல்லை. அடுக்கி வைத்த டப்பாக்களைப் பார்த்து யாரும் வகைப்படுத்தக் கற்பதில்லை.

நிச்சயமின்மை வேறு. இன்றைக்குச் சிரித்துக்கொண்டே அனுமதித்த காரியத்துக்கு நாளைக்கு முதுகில் அடி விழும் என்றால், சோறு எப்போது வரும் என்று தெரியாது என்றால், அம்மாவின் முகம் எப்போது மாறும் என்று பார்த்துப் பார்த்தே குழந்தை இருக்க வேண்டுமென்றால், அங்கே விளையாட்டு நடக்காது. பெரியவர்களின் மனநிலையை வாசிப்பதிலேயே அதன் கவனம் தீர்ந்துபோகும். அமெரிக்காவில் பள்ளி ஆசிரியராக இருந்து, பின்னர் 1977இல் வீட்டுக் கல்விக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கிய ஜான் ஹோல்ட், வகுப்பறையில் பிள்ளைகள் பாடத்தை விட ஆசிரியரின் முகத்தைப் படித்து விடை கண்டுபிடிப்பதை 1964லேயே எழுதினார். அந்த முகம் வீட்டிலும் உண்டு. பள்ளியை விட்டு வெளியேறியதாலேயே அது மறைந்துவிடாது.

எனவே நான் கைக்கொள்ளும் விதி: பொருள்கள் கலையலாம், மனிதர்கள் கலையக் கூடாது. வரிசையும் இடமும் உறுதியாக இருந்தால், அவற்றுக்குள்ளே எவ்வளவு கலைவையும் வீடு தாங்கும்.

5

'தாங்கும்' என்று எழுதும்போதே கேட்க வேண்டியிருக்கிறது: தாங்குவது யார்?

கலந்த பயறுகளை இரவுச் சமையலுக்கு முன்னால் யாராவது பிரித்தாக வேண்டும். பிள்ளைகள் தம் ஆர்வம் தீரும்வரை பிரிப்பார்கள். மிச்சம் பெண்ணுடைய வேலை. 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் ஒரு பெண் நாளுக்குச் சராசரியாக 299 நிமிஷமும் ஓர் ஆண் 97 நிமிஷமும் செலவிடுவதாக வந்தது. வீட்டுக் கல்வி இந்த 299இன் மேல் ஏறி உட்காருகிறது. 1971இல் சமூகத்தைப் பள்ளிகளிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று வாதிட்ட இவான் இல்லிச்சை நம் வட்டத்தில் நிறையப் பேசியிருக்கிறோம். பள்ளியிலிருந்து விடுபட்ட குழந்தை மத்தியானம் யார் மடியில் இருக்கும் என்று நாம் பேசியது குறைவு.

வீட்டில் நாங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். கலைக்க அனுமதி கொடுக்கிறவரே அள்ளவும் வேண்டும். நான் வீட்டிலிருந்தே பிழைதிருத்தும் வேலை பார்க்கிறேன். துணைவருக்கு ஷிப்ட் வேலை. வாரத்தில் இரண்டு முழு நாளும், எல்லா நாளும் மாலை அடுக்குதலும் அவர் பொறுப்பு. முதல் மாதங்களில் அவருடைய நாட்களில் வீடு திடீரென்று கட்டுப்பாடானது! 'அதத் தொடாத, இத எடுக்காத' என்று சத்தம் கேட்டது. அதுவரை பிள்ளைகளின் சுதந்திரத்துக்கு அவர்தான் வீட்டில் பெரிய வக்கீல். அள்ளாதவர் தருகிற சுதந்திரத்துக்கு விலை கிடையாது, அதனால் தாராளமாகத் தரலாம். விலை தன் கைக்கு வந்தபோது அவரும் பேரம் பேசக் கற்றுக்கொண்டார்: மண் என்றால் வாசலோடு, தண்ணீர் என்றால் குளிக்கிற நேரத்துக்கு முன்னால், ஒன்றை எடுத்து வைத்த பின்தான் அடுத்தது. பிள்ளைகளும் அள்ளுகிறார்கள். அடுக்குவதும் பாடம்தான். அதை மகள் மட்டும் கற்று மகன் கற்காமல் போனால், இத்தனை பாடுபட்டு வீட்டில் வைத்துக்கொண்டதற்கு அர்த்தமில்லை.

6

கடைசியாக, தோழர்கள் எழுப்புகிற கேள்வி. பள்ளிக்குள் நுழையவே போராடிய மக்களுக்கு நடுவில் இருந்துகொண்டு, பள்ளியிலிருந்து வெளியேறுவதைப் பற்றிப் பேசுவது யாருடைய சொகுசு?

நியாயமான கேள்வி. பிள்ளைகள் வீட்டில் கற்கட்டும் என்ற வாசகத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு வரலாறு உண்டு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் கிராமப்புறப் பிள்ளைகளின் பள்ளி நேரத்தை மூன்று மணியாக்கி, மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதை எதிர்த்துப் போராடினார்கள். 1954இல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. செருப்புத் தைப்பவரின் பிள்ளைக்கு வீடு எதைக் கற்றுக்கொடுக்கும் என்பதைச் சாதி முன்பே முடிவு செய்துவைத்திருந்தது. அந்தப் பிள்ளைக்குப் பள்ளியின் மணிச் சத்தம் விடுதலையின் சத்தம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு, 1 முதல் 8 வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த இடைவெளியில் வீடு எல்லோருக்கும் ஒரேமாதிரிப் பள்ளியாக இருக்கவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தோம்.

சட்டமும் தெளிவாக இல்லை. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காதவர்களுக்குத் தண்டனை எதையும் சொல்லவில்லை. 14 வயது நிறைந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். இந்த இடைவெளியில்தான் எங்களைப் போன்றவர்கள் நடமாடுகிறோம். படித்த பெற்றோர், வீட்டில் இருந்து செய்யக்கூடிய வேலை, புத்தகம் வாங்கக் காசு எல்லாம் இருப்பதால் நடமாட முடிகிறது. ஆகவே வீட்டுக் கல்வியை எல்லோருக்குமான மாற்றாக நான் முன்வைக்கவில்லை. அரசுப் பள்ளிக்கான போராட்டத்துக்கு அது பதிலாகவும் முடியாது.

ஆனால் இந்தச் சிறிய பரிசோதனையில் தெரியவந்தவற்றைப் பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்க முடியும். நாலு வயதுப் பிள்ளைக்கு மணியை விட வரிசை போதும் என்பதை அங்கன்வாடியும் எடுத்துக்கொள்ளலாம். கலைவு கற்றலின் பகுதி என்று ஒப்புக்கொண்டால், அதை அள்ளுகிற ஆயாவின் சம்பளமும் கல்விச் செலவின் பகுதியாக வேண்டும். அங்கன்வாடி ஊழியர்களும் உதவியாளர்களும் மதிப்பூதியத்துக்குப் பதில் ஊதியம் கேட்டுப் போராடும்போது, குழந்தைகளின் சுதந்திரம் பற்றி எழுதுகிற நாமெல்லாம் அந்தப் பந்தலில் போய் உட்கார வேண்டியவர்கள். இதுபற்றி நண்பர்கள் தொடர்ந்து விவாதிக்கலாம்.