முதற்பக்கம் யாருக்குரியது? - இணைய உலாவியின் தொடக்க அமைப்புகள் பற்றிய சில குறிப்புகள்

இணைய உலாவியைத் திறந்ததும் கண்முன் தோன்றும் முதற்பக்கத்தைத் தீர்மானிப்பவர் யார் என்ற வினா ஆய்வுக்குரிய வினாவாகப் பொதுவில் எழுப்பப்படுவதில்லை. பயன்படுத்துவோருட் பெரும்பாலோர், உலாவி கணினியில் நிறுவப்பட்டபோது எப்பக்கம் தோன்றிற்றோ அப்பக்கத்தையே அதன் இயல்பான வாயிலெனக் கொண்டுவிடுகின்றனர். மாற்றவியலும் என அறிந்தோரும், அது தொழில்நுட்பவியலாளருக்குரிய அலுவல் எனக் கருதி விலகிக்கொள்வதுண்டு. இவ்விரு மனப்பாங்கினதும் விளைவு ஒன்றே. முதற்பக்கம், உலாவியை உற்பத்திசெய்த நிறுவனத்தின் உடைமையாகவே நின்றுவிடுகிறது. அவ்வுடைமை உருவான முறையையும் அதன் பொருளாதார அடிப்படையையும் நோக்கிய பின்னர், அதனை மாற்றும் வழிகளை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'முகப்புப் பக்கம்' என்னும் தொடர் இன்று இருவேறு பொருளில் வழங்குகின்றது. ஓர் இணையத்தளத்தின் நுழைவாயிலும் முகப்புப் பக்கமே. உலாவி தன் தொடக்கத்திற் காட்டுவதும் முகப்புப் பக்கமே. இவற்றுள் பின்னையதே மூலப்பொருளாகும். ஜெனீவாவின் அருகேயுள்ள சேர்ன் ஆய்வு நிலையத்தில் ரிம் பேர்னர்ஸ்-லீ 1990இல் ஆக்கிய முதலாவது உலாவி, வாசிப்பதற்கு மட்டுமன்றி எழுதுவதற்குமான கருவியாகவும் இருந்தது. வாசகன் தனக்கு வேண்டிய இணைப்புகளைத் தானே எழுதித் தொகுத்து, அங்கிருந்து புறப்பட்டுச் செல்லும் இடமே அவனது முகப்பு. பிறரது தளத்தின் வாயிலை வரவேற்புப் பக்கம் என வேறுபெயரிட்டு வழங்கினர். வாசகனே தன் பக்கத்தின் ஆசிரியனாகவும் விளங்கிய இந்நிலை நீடிக்கவில்லை.

இலினோய் பல்கலைக்கழகத்தில் 1993இல் வெளிவந்த மொசேயிக் உலாவியும், 1994இல் வந்த நெட்ஸ்கேப்பும் இணையத்தை வெகுசனங்களிடம் கொண்டுசென்றன. ஆயின், அவற்றில் எழுதும் வசதி பின்தள்ளப்பட்டு வாசிப்பே முதன்மை பெற்றது. நெட்ஸ்கேப் உலாவி திறந்ததும் தன் நிறுவனத்தின் தளத்தையே முதலிற் காட்டிற்று. மில்லியன் கணக்கானோர் நாள்தோறும் வந்துபோகும் அவ்விடத்தின் சந்தைப் பெறுமதி விரைவிலேயே உணரப்பட்டது. 1996இல் ஐந்து தேடல் சேவைகள், நெட்ஸ்கேப்பின் தேடற் பக்கத்தில் இடம்பெறும்பொருட்டு ஆளுக்கு 5 மில்லியன் டொலர் வீதம் ஆண்டுக் கட்டணம் செலுத்த உடன்பட்டன. வாசகனுக்குப் பயன்மதிப்பாக இருந்த தொடக்கப் பக்கம், பரிவர்த்தனை மதிப்புடைய பண்டமாக மாறிய கட்டம் இதுவேயாகும். விற்கப்பட்டது வெற்றிடமன்று, அவ்விடத்தில் விழும் பார்வையே விற்கப்பட்டது.

நூலின் முன்பக்கம் ஆதரிப்போனுக்குரியதாதல் நமக்குப் புதிய செய்தியன்று. நன்னூலின் சிறப்புப்பாயிரம் பவணந்தியாரைக் கொண்டு நூல் செய்வித்த சீயகங்கனை விதந்து பேசிய பின்னரே மாணாக்கன் நூலுட் புகுகின்றான். எனினும், சீயகங்கன் தன் பெயரை வெளிப்படையாகப் பொறித்துக்கொண்டான் என்பதனை நாம் மறத்தலாகாது. இன்றைய புரவலர்கள் அவ்வளவு கூச்சமற்றவர்களல்லர்.

முதற்றிரையின் மீதான ஆதிக்கம் நீதிமன்றம்வரை சென்ற வரலாறும் நோக்கற்பாலது. ஐக்கிய அமெரிக்க அரசும் பல மாநிலங்களும் 1998இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், கணினி உற்பத்தியாளர்மீது அந்நிறுவனம் விதித்திருந்த கட்டுப்பாடுகள் முக்கிய இடம்பெற்றன. வாங்கியவர் கணினியை முதன்முறை இயக்கும்போது தோன்றும் திரைகளின் ஒழுங்கை உற்பத்தியாளர் மாற்றலாகாது என்பது அவற்றுள் ஒன்று. நீதிபதி ஜாக்சன் 1999 நவம்பரில் வெளியிட்ட முடிபுகள் இதனை விரிவாகப் பதிவுசெய்தன. ஐரோப்பிய ஆணைக்குழுவோ, 2009இல் விண்டோஸ் பயனர்களுக்குப் பல்வேறு உலாவிகளையும் காட்டும் தெரிவுத்திரை ஒன்றை வழங்குமாறு மைக்ரோசொப்டைக் கட்டுப்படுத்திற்று. அவ்வுறுதியை மீறியமைக்காக 2013இல் 561 மில்லியன் யூரோ தண்டம் விதிக்கப்பட்டது.

இன்று தொடக்கப் பக்கத்தின் மையமாக அமைந்திருப்பது தேடற்பெட்டி. ஆகவே, தேடற்பெட்டி யாருடையதோ முதற்பக்கமும் நடைமுறையில் அவருடையதே. கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் தனது தேடல் முன்கூட்டியே அமைக்கப்பட்டிருக்கும்பொருட்டு கூகுள் 2021இல் 26 பில்லியன் டொலருக்கு மேற் செலுத்தியது என்பதும், 2022இல் அப்பிள் நிறுவனம் மட்டும் ஏறத்தாழ 20 பில்லியன் டொலர் பெற்றது என்பதும் அமெரிக்க வழக்கு விசாரணையொன்றின் வழியே வெளிவந்தன. அவ்வழக்கில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைப் பேணியது என நீதிபதி மேத்தா 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தார். 2025 செப்தெம்பரில் அவர் தனியுரிமை ஒப்பந்தங்களைத் தடைசெய்தாரேனும், பணம் கொடுப்பதை முற்றாகத் தடைசெய்யவில்லை. இலாபநோக்கற்ற அமைப்பின்கீழ் இயங்கும் பயர்பொக்ஸ் உலாவியின் வருவாயிற் பெரும்பகுதியும் இதே கூகுளிடமிருந்து வருவதாகும். மாற்று நிறுவனம் ஒன்று ஏகபோகத்தின் கூலியில் உயிர்வாழும் இம்முரண்பாட்டைத் தனியே ஆராய்தல் வேண்டும்.

'பயனர் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாமே' என்பது நிறுவனங்களின் வாதம். அது பொய்யன்று. ஆனால், எல்லோரும் மாற்றிக்கொள்வர் எனின் இருபது பில்லியன் டொலர் எதற்காகக் கொடுக்கப்படுகின்றது? மக்கள் மாற்றமாட்டார்கள் என்ற நம்பிக்கைக்கே அவ்விலை தரப்படுகின்றது. கிராம்சி விளக்கிய மேலாண்மை செயற்படும் முறையும் இதுவே. கட்டாயம் இல்லை, இணக்கம் உண்டு, அவ்விணக்கம் இயல்பெனவே தோன்றுகின்றது. அதேவேளை, அமைப்பை மாற்றுவதால் ஏகபோகம் தகர்ந்துவிடும் என எம்முட் சிலர் பேசுவதும் மிகையே. அது தனியொருவர் தமது மேசையை ஒழுங்குசெய்வது போன்றது. மேசை ஒழுங்காயிருத்தல் வேலைக்கு நன்று, அவ்வளவே.

செய்முறைக்கு வருவோம். மூன்று அமைப்புகளை முதலில் வேறுபடுத்தல் அவசியம். உலாவி திறக்கும்போது தோன்றுவது தொடக்கப் பக்கம். வீட்டுருவப் பொத்தானை அழுத்தும்போது வருவது முகப்புப் பக்கம். புதிய தாவல் ஒன்றைத் திறக்கும்போது வருவது மூன்றாவது. இவை மூன்றும் ஒன்றெனக் கொள்வதாலேயே, முகப்பை மாற்றிய பின்னரும் பழைய பக்கமே வருகின்றது எனப் பலர் முறையிடுகின்றனர்.

குரோம் உலாவியில் வலப்புற மேல்மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி அமைப்புகளுக்குச் செல்லவேண்டும். அங்கு தொடக்கம் பற்றிய பகுதியில் மூன்று தெரிவுகள் உள: புதிய தாவற் பக்கத்தைத் திறத்தல், விட்ட இடத்திலிருந்து தொடர்தல், குறிப்பிட்ட பக்கம் ஒன்றையோ பலவற்றையோ திறத்தல். மூன்றாவதைத் தெரிந்து வேண்டிய முகவரிகளைச் சேர்க்கலாம். வீட்டுருவப் பொத்தான் தோற்றம் பற்றிய பகுதியிலுள்ளது. அதனைக் காட்டுமாறு செய்த பின்னரே அதற்குரிய முகவரியை இடமுடியும். எட்ஜில் தொடக்கம், முகப்பு, புதிய தாவல் ஆகியன அமைப்புகளில் ஒரே பகுதியில் வைக்கப்பட்டுள்ளன. பயர்பொக்ஸில் முகப்புப் பகுதியிற் சொந்த முகவரியையோ வெற்றுப்பக்கத்தையோ தெரிவுசெய்யலாம்; ஆனால், முன்னைய தாவல்களை மீளத் திறக்கும் தெரிவு பொதுப் பகுதியில் வேறாக உள்ளது. அப்பிள் கணினிகளிலுள்ள சபாரியில் முகப்பு முகவரியை எழுதினால் மட்டும் போதாது. புதிய சாளரங்கள் முகப்புப் பக்கத்துடன் திறக்கவேண்டும் என்பதனையும் அதே பகுதியிற் குறிப்பிடவேண்டும்.

விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி பற்றி ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. தன் சொந்தக் கணினியில் ஆய்வுசெய்பவருக்கு அது பேருதவி. பத்துப் பதினைந்து மூலங்களைத் திறந்துவைத்து மறுநாள் அவ்விடத்திலேயே தொடரலாம். ஆனால், பலர் மாறிமாறிப் பயன்படுத்தும் நூலகக் கணினியிலோ பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலோ அதே வசதி தீங்காகிவிடும். சாளரத்தை மூடினால் முடிந்துபோகவேண்டிய உள்நுழைவுகள் இவ்வமைப்பினால் உயிருடன் இருக்கக்கூடும். மாணவர் ஒருவர் மூடிச்சென்ற மின்னஞ்சல், அடுத்து அமர்பவர் உலாவியைத் திறந்ததும் விரிந்துகிடக்கும். பரீட்சைப் பெறுபேறு, மருத்துவக் கடிதம், அரசியற் கருத்துரை என எதுவும் இவ்வாறு அயலார் கண்ணிற் படலாம். பொதுக் கணினிகளில் இத்தெரிவை நீக்கி, வெற்றுப்பக்கத்தையோ நூலக அட்டவணையையோ தொடக்கமாக வைப்பதே முறை. பயன்படுத்துவோர் வெளியேறும்போது ஒவ்வொரு கணக்கிலிருந்தும் முறைப்படி விடுபடுவது இதற்கு மேலதிகமான பாதுகாப்பு.

மாற்றிய அமைப்பு மறுநாள் பழையபடி இருப்பின் பின்வருவனவற்றை ஆராய்தல் தகும். இலவச மென்பொருள்களுடன் ஒட்டிவந்த நீட்சிகள் முகப்பைக் கைப்பற்றுவது 2000ஆம் ஆண்டுகளில் பெருந்தொல்லையாக இருந்தது. 2003இல் பரவிய கூல்வெப்சேர்ச் இவ்வகையிற் பெயர்பெற்றது. ஆதலால், நீட்சிகளின் பட்டியலைப் பார்த்து அறியாதவற்றை நீக்கவேண்டும். உலாவியைத் திறக்கும் குறுக்குவழிச் சின்னத்தின் பண்புகளில் ஏதேனும் முகவரி பின்னொட்டாகச் சேர்க்கப்பட்டுள்ளதா எனவும் நோக்கவேண்டும். அலுவலகக் கணினியாயின் நிருவாகமே முகப்பை நிலைநிறுத்தியிருக்கலாம். அவ்வாறாயின் உலாவி நிறுவனத்தால் நிருவகிக்கப்படுகின்றது என்ற குறிப்பு பட்டியலிற் காணப்படும். அதனைப் பயனர் மாற்றமுடியாது.

எதனைத் தொடக்கமாக வைப்பது என்பது அவரவர் தொழிலைப் பொறுத்தது. ஈழத்து இலக்கியத்தை ஆராய்பவருக்கு, 2005 முதல் எமது நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவிற் பேணிவரும் நூலகம் திட்டத்தின் தளம் பொருத்தமானது. பயர்பொக்ஸில் புதிய தாவலையும் வெற்றாக்கிக்கொள்ளலாம். குரோமிலோ நிலைமை வேறு. அங்கு புதிய தாவலின் பின்னணிப் படத்தையும் குறுக்குவழிகளையும் மாற்றலாமேயன்றி, அப்பக்கத்துக்குப் பதிலாக நமது முகவரியை வைக்க அமைப்புகளில் இடமில்லை. அதற்கு நீட்சியொன்றை நாடவேண்டும். அந்நீட்சி என்னென்ன அனுமதிகளைக் கேட்கின்றது என்பதனை, நிறுவுமுன் தோன்றும் அறிவித்தலில் வரிவரியாக வாசித்தல் வேண்டும்.