கல்லில் ஏறிய பெயர்களும் எண்ணாக நின்றவர்களும்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கிளம்பினால் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம், அப்புறம் காலாப்பட்டு. பேருந்தில் அரை மணி நேரம்தான். அதற்குள் புதுச்சேரியை விட்டுத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, மறுபடியும் புதுச்சேரிக்குள் போய்விடுகிறோம். 1914-இல் இவை இரண்டு சாம்ராஜ்யங்களின் எல்லைகள். பொம்மையார்பாளையம் பிரிட்டிஷ் ஆட்சியில் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. காலாப்பட்டு பிரெஞ்சிந்தியா.

ஒரே கடலில் வலை வீசிய இந்த இரண்டு ஊர்களிலிருந்தும் ஆளுக்கொருவர் முதல் உலகப் போருக்குப் போய், இருவருமே திரும்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் பெயர் எங்காவது கல்லில் இருக்குமா? அவர்கள் எப்படிச் சண்டை போட்டார்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எந்தச் சர்க்கார் அவர்கள் சாவை எந்தப் பதிவேட்டில் எழுதி வைத்தது என்பதுதான் முடிவு செய்தது.

காலாப்பட்டுக்காரர் விஷயத்தில் சட்டம் தெளிவு. 1915 ஜூலை 2-ஆம் தேதி பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டது. எதிரியால் கொல்லப்பட்டவர், காயத்தால் இறந்தவர், போர்ப் பணியில் தொற்றிய நோயால் இறந்தவர் ஆகியோரின் இறப்புப் பதிவில் 'பிரான்சுக்காக உயிர்நீத்தவர்' என்று எழுத வேண்டும். அந்த ஒரு வரி இருந்தால் பிறந்த ஊரிலோ கடைசியாக வசித்த ஊரிலோ உள்ள நினைவுச்சின்னத்தில் இடம் கேட்கலாம். 2012-இல் வந்த இன்னொரு சட்டம் பெயர் பொறிப்பதை பிரான்ஸின் ஊராட்சிகளுக்குக் கட்டாயமாகவே ஆக்கிவிட்டது. ராணுவ நீதிமன்றம் சுட்டுக்கொன்ற சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு அந்த வரி எழுதப்படவில்லை. அதனால் ஊர்க் கல்லிலும் அவர்களுக்கு இடமில்லாமல் போனது.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில், தலை குனிந்து நிற்கும் சிப்பாய் சிலையோடு இருக்கும் பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னம் 1930-களின் பிற்பகுதியில் எழுந்தது. ஜூலை 14 அன்று அது விளக்கொளியில் நிற்கும். நவம்பர் 11 அன்று மலர்வளையம் வைப்பார்கள். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவரைப் புதுச்சேரியில் இன்றும் 'சொல்தா' என்றுதான் சொல்கிறார்கள். சொல்தா குடும்பங்களில் பென்ஷன் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். பெயரைக் காப்பாற்றியதும் அந்தக் காகிதப் பழக்கம்தான்.

பொம்மையார்பாளையத்துக்காரர் கதை வேறு. அவர் சேர்ந்தது பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் படையாக இருக்கலாம். சுமை தூக்கும் கூலிப் படையாகவும் இருக்கலாம். முதல் போருக்குச் சென்னை மாகாணம் அனுப்பியது 92,340 பேர் என்பது அன்றைய அரசுக் கணக்கு. அதில் 41,117 பேர் ஆயுதம் ஏந்தாதவர்கள். சமையல், சுமை, கழுதை, சாலை வேலை என்று போனவர்கள். ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் இப்படி.

போரில் இறந்தோரைக் கவனிக்க 1917-இல் பிரிட்டன் அமைத்த போர்க் கல்லறை ஆணையத்தின் கொள்கை மேன்மையானது. பதவி, இனம், மதம் எதுவும் பாராமல் எல்லாரையும் சமமாக, பெயர் சொல்லி நினைவுகூர வேண்டும் என்பதே அது. பிரான்ஸில் நவ் ஷப்பேலில் 1927-இல் திறந்த இந்திய நினைவுச்சின்னத்தில் அதைச் செய்தார்கள். கல்லறை தெரியாத 4,700-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள், சாதாரணச் சிப்பாய் உட்பட, அங்கே இருக்கின்றன.

இரண்டே வருடம் கழித்து, இராக்கில் பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் அதே ஆணையம் வேறு மாதிரி நடந்துகொண்டது. அதிகாரிகளுக்குப் பெயர் கிடைத்தது. இந்தியச் சிப்பாய்களுக்கு, படைப்பிரிவின் பெயருக்குக் கீழே இத்தனை பேர் என்று ஓர் எண் மட்டும். இப்படி எண்ணாகிப் போனவர்கள் 33 ஆயிரத்துக்கும் மேல். அதே இராக்கில் அமாராவிலுள்ள இந்தியப் போர்க் கல்லறையில் சுமார் 5,000 பேர் இருக்கிறார்கள். அடையாளம் தெரிந்தவர்கள் ஒன்பது பேர். படை அதிகாரிகள் முறையான பதிவு வைக்கவில்லை.

பிரான்ஸில் கல்லைப் பார்க்க ஐரோப்பியர்கள் வருவார்கள். பாஸ்ராவுக்கு யார் வரப்போகிறார்கள்? என்னைக் கேட்டால், இந்த வித்தியாசத்தின் அடியில் இருந்தது இதுதான். ஆணையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையும் கிட்டத்தட்ட இதை ஒப்புக்கொண்டது. தகவல் குறைவு, காலனி அதிகாரிகளின் அபிப்பிராயம் ஆகியவற்றோடு, ஆழமான இனப் பாகுபாடும் காரணம் என்று எழுதி மன்னிப்புக் கேட்டது. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரில்லாமலோ அறவே நினைவுகூரப்படாமலோ போனார்கள். இவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும். சிப்பாய்களைவிடச் சுமை தூக்கியவர்களே அதிகம்.

நம் ஊர்ப்பக்கம் ஓர் எண்-கல் உண்டு. போர் முடிந்ததும் பல கிராமங்களில் சர்க்கார் ஒரு பலகைக்கல் பதித்தது. 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஒரே வாசகம். எண் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். ஒரு கிராமத்தில் செத்தவர் இரண்டு பேர் என்றால் அந்த இரண்டு பெயரைச் செதுக்க எத்தனை நேரம் ஆகியிருக்கும்? செய்யவில்லை. இத்தனைக்கும் இது நடுகல் நட்ட நாடு. செங்கம் பக்கம் எடத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில், மாடு கவர்ந்த சண்டையில் வீரனோடு நின்று கள்வரைக் கடித்த நாயின் பெயர்கூடக் கோவிவன் என்று பொறித்திருக்கிறது. யார், எந்த ஊர், எந்தச் சண்டை, யார் ஆட்சியில் என்று எழுதி வைத்தால்தான் அது நினைவு என்று ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்பே நம்மவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சுதந்திர இந்தியாவின் கணக்கும் காகிதத்தைப் பொறுத்ததே. தில்லி இந்தியா கேட்டில் உள்ள 13 ஆயிரத்துச் சொச்சம் பெயர்கள் பெரும்பாலும் வடமேற்கு எல்லையிலும் ஆப்கன் போரிலும் இறந்தவர்களுடையவை. 1947-க்குப் பிந்தையவர்களுக்கு அதன் அருகே தேசியப் போர் நினைவகம் 2019 பிப்ரவரி 25-இல் திறக்கப்பட்டபோது 25,942 பெயர்கள் கிரானைட்டில் தங்க எழுத்தில் இருந்தன. கல்வானில் 2020 ஜூன் 15-இல் உயிர்நீத்த ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் பின்னர் அதில் சேர்ந்தார். இலங்கையில் இறந்த அமைதிப்படையினரின் பெயர்கள் கொழும்புக்கு அருகே நாடாளுமன்ற வளாகப் பகுதியிலுள்ள நினைவுச்சின்னத்திலும் இருக்கின்றன.

தில்லியின் தேசியப் போர் நினைவகத்தில் பெயர் ஏற ராணுவம் ஒரு சாவைப் 'போர் இழப்பு' என்று வகைப்படுத்த வேண்டும். படைமுகாமில் விபத்து, நோய், தற்கொலை என்று இறந்தவர் வேறு வகை. அவர் பெயர் ஏறாது. துணை ராணுவத்தினருக்குத் தனிக் கல். நினைவகம் திறக்கப் பதினொரு நாளுக்கு முன்பு புல்வாமாவில் மத்திய ரிசர்வ் போலீஸைச் சேர்ந்த 40 பேர் இறந்தார்கள். தூத்துக்குடி, அரியலூர் மாவட்டங்களைச் சேர்ந்த இருவரும் அதில் உண்டு. அவர்கள் பாதுகாப்பு அமைச்சகத்தின்கீழ் இல்லாமல் உள்துறையின்கீழ் வருவதால், சாணக்கியபுரியிலுள்ள தேசியக் காவலர் நினைவகமே அவர்களுக்கு உரியது. இரண்டு கல் இருப்பதில் தவறில்லை. ஆனால் எந்தக் கல்லுக்குப் போவது என்று அந்தக் குடும்பங்களுக்கு யாராவது விளக்கிச் சொல்ல வேண்டும்.

விட்டுப்போன பெயரைத் திரும்பச் சேர்க்க முடியும். இங்கிலாந்தில் பிரைட்டன் அருகே 53 இந்து, சீக்கிய வீரர்களுக்கு எரியூட்டிய இடத்தில் 1921-இல் எழுப்பிய சத்ரி என்ற நினைவுச்சின்னத்தில் பெயர்களே இல்லை. 2010-இல்தான் பக்கத்தில் ஒரு கல் வைத்து 53 பெயரையும் பொறித்தார்கள். கேப்டவுனில் 1,772 கறுப்பினத் தொழிலாளர் படையினருக்கு 2025 ஜனவரியில் பெயரோடு நினைவுச்சின்னம் திறந்தார்கள். லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பஞ்சாப் பதிவேடுகளில் முதல் போருக்குப் போன சுமார் 3,20,000 பேர் ஊர்வாரியாகக் கிடைத்தார்கள்.

உங்கள் வீட்டில் யாரேனும் இப்படிப் போயிருந்தால் முதலில் தேட வேண்டியது நான்கு விவரம்: பெயர், தகப்பனார் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி. மேலே சொன்ன ஆணையம் (இன்றைய பெயர் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம்) ஏற்கும் காலவரம்பு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. பணியில் இருக்கும்போது இறந்திருக்க வேண்டும். விடுவிக்கப்பட்ட பிறகு இறந்திருந்தால் பணியால் வந்த காரணம் என்று காட்ட வேண்டும். சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில், பராமரிக்க முடியாத கல்லறைகளில் கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதல் போர்க்கால வீரர்களின் பெயர்ச் சுவர் இருக்கிறது, அதையும் பாருங்கள். பிரெஞ்சுப் பக்கம் என்றால், அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகம் இணையத்தில் வைத்திருக்கும் அட்டைகளில் பிறந்த ஊர் எழுதியிருக்கும். ஊர்ப் பெயரை அன்றைய பிரெஞ்சு எழுத்தர் எப்படிக் காதில் வாங்கினாரோ அப்படியே எழுதியிருப்பார். நான்கைந்து எழுத்துக்கூட்டல்களைப் போட்டுப் பார்த்த பிறகே இல்லை என்று முடிவுக்கு வாருங்கள்.