காடு பயின்றவர்கள் – 9: இராயபுரத்து ரயிலும் ஒரு வைத்தியரும்

கோயம்புத்தூரில் 1912-ல் வனக் கல்லூரி தோன்றிய வரலாற்றைச் சென்ற இதழில் படித்தவர்களுக்கு அதை மறுபடி சொல்ல வேண்டியதில்லை. படிக்காதவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளட்டும். எண்ணூர்க் கழிமுகத்தில் அலையாத்தி நடுவோருக்கு வேண்டிய பயிற்சியைப் பற்றி இவ்வாரம் எழுதுவதாக வாக்களித்திருந்தேன். எண்ணூருக்குப் போகும் வழியில் இராயபுரம் குறுக்கிட்டுவிட்டது.

1856 ஜூலை 1-ஆம் தேதி இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டதை வடசென்னைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அதே ஆண்டில், ஹாரிஸ் பிரபு சென்னை கவர்னராயிருந்தபோதுதான், சென்னை மாகாணத்துக் காட்டு இலாகாவும் பிறந்தது என்பதை இவ்வாரம் கண்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். வருஷம் ஒத்தது தற்செயல் என்றே வைத்துக்கொண்டாலும், ஒன்றன் பசிக்கு மற்றது கணக்குப் பார்க்க நேர்ந்தது தற்செயலன்று. தண்டவாளத்தின் அடியில் கஜத்துக்கு ஒரு கட்டை என்று குறைத்து மதித்தாலும் மைலுக்கு 1760 கட்டைகள். அறுபது மைலுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும். கரையானும் மழையும் அவற்றை அரித்தபின் மறுபடியும் அத்தனை வேண்டும். போதாததற்கு, நிலக்கரி சீமையிலிருந்து கப்பலேறி வரவேண்டிய அந்நாளில் எஞ்சினுக்கும் விறகே ஆகாரம்.

இந்தக் கணக்கைப் பார்க்க அமர்த்தப்பட்ட ஹியூ கிளெகார்ன், 1820-ல் இதே சென்னையில் பிறந்து, எடின்பரோவில் வைத்தியம் பயின்றவர். மருந்துச் சரக்கில் பெரும்பகுதி செடிகொடிகளிலிருந்தே வந்த காலமாகையால், வைத்தியம் கற்றவன் தாவர சாஸ்திரமும் கற்றேயாக வேண்டும். மரத்தைப் பற்றிக் கேட்க இந்தியாவில் அன்று வைத்தியரைவிடத் தகுந்தவர் கிடையாது. சிமோகாவில் உத்தியோகம் பார்த்தபோது நாளுக்கு ஒரு செடியாக எடுத்து ஆராய்ந்து, உள்ளூர்ச் சித்திரக்காரர் ஒருவரைக்கொண்டு அவற்றை வரைவித்தார். பாடத்திட்டமும் பரீட்சையும் இல்லாத அந்தப் பழக்கத்தைத்தான் நம் மாகாணத்தின் முதல் வனவியல் பயிற்சி என்று நான் சொல்வேன். நம்மவர் பயில டேராடூனில் பள்ளி திறந்தது 1878-ல்தான். அதற்கு முன்பே வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களைப் பிரான்ஸிலுள்ள நான்ஸிக்கும் ஜெர்மனிக்கும் அனுப்பிப் பழக்கியிருந்தார்கள். ஓக்கும் பைனும் கற்றுவந்தவர்கள் இங்கே வேங்கையையும் கருங்காலியையும் எதிரில் கண்டு என்ன செய்திருப்பார்களோ!

எஞ்சினுக்கு விறகு வேண்டியே கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் எழுந்தன. வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் வெறும் மணலிலும் வளரக்கூடிய மரம் அது. பின்னாளில் ரயில் கரிக்கு மாறியபோதும் சவுக்கு நம்மை விடவில்லை. திருவொற்றியூர் விறகுத் தொட்டியில் தராசுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த சவுக்குக் கட்டைகளை இப்பகுதி முதியோர் பலர் இன்னும் நினைவுகூர்வர்.

அலையாத்தி விஷயத்துக்கு வருகிறேன். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் மீன் முள் வடிவில் கால்வாய் வெட்டி, ஓதநீர் ஏறியிறங்கும்படி செய்து, அதன் ஓரங்களில் நட்டிருக்கிறார்கள். ஆகவே அங்கே நடுபவன் மரத்தைவிட முதலில் தண்ணீரின் மட்டத்தையே படிக்கவேண்டும். அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த எண்ணூர்ச் சேற்றில் அவன் மேலும் எவற்றைக் கற்கவேண்டியிருக்கும் என்பதை, ஆசிரியர் ஒதுக்கிய இடம் தீர்ந்துவிட்டபடியால், அடுத்த வாரம் எழுதுகிறேன். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் சேருவதைப் பற்றிக் கேட்டு எழுதிய அன்பர்கள் அதற்கும் அடுத்த வாரம்வரை பொறுக்க வேண்டும்.

(தொடரும்)