டாங்கிப் படையினரின் தொலைவு மதிப்பீடு

டாங்கி போன்ற கவச வாகனத்திலிருந்து சுடும்போது, இலக்கு எத்தனை மீட்டர் தள்ளி உள்ளது என்று கண்டறிவதே தொலைவு மதிப்பீடு எனப்படும். இலக்கு கண்ணுக்குத் தெரிந்தால் போதும், பீரங்கியை அதை நோக்கித் திருப்பிச் சுட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் தொலைவு தெரியாமல் சுட்ட குண்டு இலக்குக்கு முன்பே மண்ணில் விழலாம். அல்லது அதன் தலைக்கு மேலே பறந்துவிடலாம். முதல் குண்டு தவறினால், சுட்டபோது எழும் நெருப்பும் புகையும் புழுதியும் சுட்டவரின் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே வாகனத்துக்குள் இருப்பவர்களின் உயிர் இந்த ஓர் எண்ணைச் சார்ந்துள்ளது.

தொலைவு ஏன் தேவை?

குழலை விட்டு வெளியேறிய கணத்திலிருந்தே குண்டு புவியீர்ப்பால் கீழே இறங்கத் தொடங்குகிறது. காற்றின் தடையை விட்டுவிட்டு ஒரு கணக்கைப் பார்ப்போம். நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு 1000 மீட்டரைக் கடக்க 1.25 நொடி ஆகும். அதற்குள் அது சுமார் 7.7 மீட்டர் இறங்கிவிடும். அதை ஈடுகட்டவே குழலைச் சற்று உயர்த்திச் சுடுகிறார்கள். எவ்வளவு உயர்த்துவது என்பதைத் தொலைவுதான் முடிவு செய்கிறது.

உண்மையான தொலைவு 1200 மீட்டராக இருக்க, 1000 மீட்டர் என்று தவறாக மதிப்பிட்டால் என்ன ஆகும்? குண்டு குறிவைத்த புள்ளிக்கு ஏறத்தாழ 1.8 மீட்டர் கீழே செல்லும். டாங்கியின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும் என்பதால், குண்டு முன்னதாகவே தரையில் மோதிவிடும். அதே பிழையை நொடிக்கு 1600 மீட்டர் வேகமுள்ள குண்டில் செய்தால் வேறுபாடு சுமார் அரை மீட்டர்தான். இலக்கின் கீழ்ப்பகுதியிலாவது படும். வேகமான குண்டுகள் விரும்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ணளவு

மிகப் பழைய முறை கண்ணால் பார்த்துச் சொல்வது. 100 மீட்டர் நீளத்தை மனத்தில் பதித்துக்கொண்டு, இலக்கு வரை அது எத்தனை முறை அடங்கும் என்று எண்ணுவார்கள். ஆனால் கண் எளிதில் ஏமாறும். தெளிவான காற்றிலும், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போதும், மணல், நீர், பனி போன்ற சீரான பரப்புகளுக்கு அப்பாலும் பொருள்கள் அருகில் இருப்பதுபோல் தோன்றும். மூடுபனியிலும் மங்கிய ஒளியிலும், பொருளின் ஒரு பகுதி மட்டும் தெரியும்போதும் தொலைவில் இருப்பதாகத் தோன்றும்.

மில் கணக்கு

மில் என்பது சிறிய கோண அளவு. 1000 மீட்டர் தொலைவில் 1 மீட்டர் அகலமுள்ள பொருள் ஏறத்தாழ 1 மில் கோணத்தில் தெரியும். ஒரு முழு வட்டத்தில் 6283 மில்லிரேடியன்கள் உள்ளன. கணக்கின் வசதிக்காக நேட்டோ நாடுகள் வட்டத்தை 6400 பங்காகவும், சோவியத் ஒன்றியம் 6000 பங்காகவும் பிரித்துக்கொண்டன. சூத்திரம் எளியது:

தொலைவு (மீட்டர்) = பொருளின் அளவு (மீட்டர்) × 1000 ÷ மில்

3 மீட்டர் அகலமுள்ள டாங்கி 2 மில் அகலத்தில் தெரிந்தால், அது 1500 மீட்டர் தொலைவில் உள்ளது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய டாங்கிகளின் குறிபார்க்கும் தொலைநோக்கியில் வரிசையாக முக்கோணங்கள் இருந்தன. நடுவிலுள்ள பெரிய முக்கோணத்தின் அகலம் 4 மில். சிறியவற்றின் அகலம் 2 மில். டைகர் டாங்கிப் படையினருக்காக 1943-இல் வெளியான கையேடு, இந்தக் கணக்கைக் கேலிப்படங்களோடும் பாட்டுகளோடும் கற்பித்தது. சோவியத் டாங்கிகளிலோ 2.7 மீட்டர் உயரமுள்ள இலக்குக்கென வரைந்த வளைகோடு இருந்தது. இலக்கின் அடியும் முடியும் கோடுகளுக்கிடையே எங்கே பொருந்துகிறதோ, அங்குள்ள எண்ணே தொலைவு.

இம்முறையில் இலக்கின் உண்மையான அளவு தெரிந்திருக்க வேண்டும். டாங்கி சாய்வாக நின்றாலோ, பாதி மண்மேட்டுக்குப் பின்னால் மறைந்திருந்தாலோ கணக்குத் தவறும். மறைந்த டாங்கி உயரம் குறைவாகத் தெரிவதால், உண்மையைவிட அதிகத் தொலைவு விடையாக வரும்.

கருவிகள்

ஒளியியல் தொலைவுமானியில் இரண்டு கண்ணாடிகள் இடைவெளி விட்டுப் பொருத்தப்பட்டிருக்கும். அவை இலக்கை நோக்கும் கோண வேறுபாட்டிலிருந்து தொலைவு கிடைக்கும். இடைவெளி 2 மீட்டர் என்றால், 2000 மீட்டர் தொலைவில் அந்த வேறுபாடு வெறும் 1 மில். தொலைவு கூடக்கூடப் பிழையும் விரைந்து பெருகும். அமெரிக்காவின் எம்47 டாங்கியில் இரு கண்களாலும் பார்க்கும் வகை இருந்தது. அதைக் கையாள நல்ல இருகண் பார்வை உள்ளவர் தேவைப்பட்டார். எம்60 டாங்கியில் இரு பிம்பங்களை ஒன்றாகப் பொருத்தும் வகை வந்தது.

பிரிட்டன் வேறு வழியில் சென்றது. பீரங்கியோடு இணைத்த 12.7 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கியால் முதலில் சில தோட்டாக்களைச் சுட்டு, அவை இலக்கில் படுவதைக் கண்டபின் பெரிய குண்டைச் சுடுவது அம்முறை. செஞ்சூரியன், சீஃப்டன் டாங்கிகளில் இது இருந்தது. சென்னைக்கு அருகே ஆவடியில் தயாரான விஜயந்தா டாங்கியிலும் இதே முறைதான்.

இன்று லேசர் தொலைவுமானியே பரவலாக உள்ளது. ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. லேசர் துடிப்பு இலக்கில் பட்டுத் திரும்ப 10 மைக்ரோநொடி ஆனால், தொலைவு 1500 மீட்டர். எனினும் முன்னால் உள்ள புதரிலோ, பின்னால் உள்ள குன்றிலோ பட்டுத் திரும்பிய ஒளியும் எண்ணாகத் தெரியலாம். புகையும் புழுதியும் ஒளியைத் தடுக்கும். வந்த எண் பொருத்தமானதா என்று சொல்ல, கண்ணளவும் மில் கணக்கும் அறிந்தவர் தேவை. கருவி பழுதானால் அவையே கைகொடுக்கும்.

மாணவர்கள் செய்து பார்க்க

கையை நேராக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். ஒரு கண்ணை மூடி, தொலைவிலுள்ள ஒரு கட்டடத்தின் ஓரத்தை விரலால் மறையுங்கள். பின் அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடுங்கள். விரல் பக்கவாட்டில் தாவும். அது தாவிய தொலைவு கட்டடத்தின் மீது எத்தனை மீட்டர் என்று கணித்து 10-ஆல் பெருக்குங்கள். 20 மீட்டர் தாவினால், கட்டடம் சுமார் 200 மீட்டர் தொலைவில் உள்ளது. கையின் நீளம் கண்களின் இடைவெளியைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு என்பதே காரணம். பிறகு நடந்து அளந்து, உங்கள் விடை எவ்வளவு தவறியது என்று பாருங்கள்.