மாற்றுக் குச்சக் காப்பாளர்

மாற்றுக் குச்சக் காப்பாளர் என்பவர் துடுப்பாட்ட (கிரிக்கெட்) அணியொன்றில் முதன்மைக் குச்சக் காப்பாளருக்கு (விக்கெட் கீப்பர்) அடுத்த நிலையில் வைக்கப்பட்டிருக்கும் ஆட்டக்காரர் ஆவார். முதன்மைக் காப்பாளர் காயமுற்றாலோ, ஓய்வு எடுத்தாலோ, ஆட்டத்திறன் குன்றி நீக்கப்பட்டாலோ இவருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. தமிழகத்தைச் சேர்ந்த பரத் ரெட்டி, தினேஷ் கார்த்திக் ஆகியோரின் விளையாட்டு வாழ்வில் பெரும்பகுதி இந்நிலையிலேயே கழிந்தது.

பணியின் தன்மை

பதினொருவர் கொண்ட அணியில் பந்து வீச்சாளர்கள் நால்வரோ ஐவரோ இடம்பெறுவர். மட்டையாளர்கள் அறுவர் வரை இருப்பர். ஆகவே நாட்டின் நான்காவது சிறந்த பந்து வீச்சாளர் அணியில் ஆடுவார். குச்சக் காப்பாளருக்கோ இடம் ஒன்றே. நாட்டின் இரண்டாவது சிறந்த காப்பாளர் முதலாமவரைவிட மிகச் சிறிதளவே குறைந்தவராயினும், அவர் அமர்ந்திருக்கும் இடம் அரங்கின் ஓய்வறைதான்.

சுற்றுப்பயணத்தில் இவருக்கு வேலை இல்லாமல் இல்லை. வலைப் பயிற்சியில் நெடுநேரம் காப்புச் செய்தல், களத்தடுப்பாளர்களின் பயிற்சியில் துணைநிற்றல், ஆட்ட இடைவேளைகளில் குடிநீரும் கையுறையும் கொண்டு செல்லல் முதலியன இவர் பொறுப்பாகும். அணியிலுள்ள ஒவ்வொரு பந்து வீச்சாளரின் பந்தும் எவ்வாறு எழும், எவ்வாறு திரும்பும் என்பதை ஆடாமலேயே அறிந்திருக்க வேண்டும். முதன்மைக் காப்பாளரின் விரல் காலைப் பயிற்சியில் முறிந்தால் நாணயச் சுழற்சிக்கு முன் இவர் ஆயத்தமாக இருக்க வேண்டும். இந்தியத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டு வாரியம் தேர்வுப் போட்டி (டெஸ்ட்) ஒன்றுக்கு ஆடும் பதினொருவருக்குத் தலா 15 இலட்சம் ரூபாயும், அணியில் இருந்தும் ஆடாதோருக்கு அதில் பாதியும் வழங்குகிறது.

அமெரிக்கரின் அடிபந்தாட்டத்தில் (பேஸ்பால்) இதற்கு இணையான பணி மாற்றுப் பிடிப்பாளருடையது. எனினும் இரண்டிற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. அமெரிக்கப் பெருங்கூட்டமைப்பில் ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. மண்டியிட்ட நிலையில் அத்தனை ஆட்டங்களிலும் பந்து பிடிக்க எவருடைய முழங்காலும் இடங்கொடாது. எனவே 26 பேர் கொண்ட அணியில் வழக்கமாக இரு பிடிப்பாளர்கள் உள்ளனர். இரண்டாமவர் வாரத்திற்கு ஓரிரு ஆட்டங்களில் ஆடிவிடுகிறார். துடுப்பாட்டத்தில் அத்தகைய முறைவைப்பு கிடையாது. உடல்நலம் குன்றாத காப்பாளர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆட இயலும். ஆகையால் இங்கு மாற்றுக் காப்பாளரின் வாய்ப்பு இன்னொருவரின் உடல்நலத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது.

கிர்மானியும் பரத் ரெட்டியும்

சென்னையில் பிறந்து கர்நாடகத்திற்கு ஆடிய சையது கிர்மானி, இந்தியாவின் சிறந்த குச்சக் காப்பாளர்களுள் ஒருவராக எண்ணப்படுபவர். அவரும் முதலில் காத்திருந்தவரே. பரூக் எஞ்சினியர் முதன்மைக் காப்பாளராக இருந்த காலத்தில், 1971, 1974 ஆகிய இரு இங்கிலாந்துச் சுற்றுப்பயணங்களிலும் ஒரு தேர்வுப் போட்டிகூட ஆடாமல் திரும்பினார். 1976 சனவரியில் ஆக்லாந்தில் நியூசிலாந்துக்கு எதிராக அவருக்கு முதல் வாய்ப்புக் கிடைத்தது. அதன்பின் 88 தேர்வுப் போட்டிகளில் ஆடினார். காத்திருந்தவருக்குக் காலம் கனிந்ததற்கு இவர் எடுத்துக்காட்டு. அவருக்குப் பின்னால் நின்றவருக்கு அது கனியவில்லை.

அவ்வாறு நின்றவர் பரத் ரெட்டி. 1954 நவம்பர் 12 அன்று சென்னையில் பிறந்த இவர், தமிழ்நாடு அணியின் குச்சக் காப்பாளராகப் பெயர்பெற்றார். 1978 இல் பாகிஸ்தானுக்குச் சென்ற இந்திய அணியில் மாற்றுக் காப்பாளராக இடம்பெற்று, அங்கு ஒருநாள் போட்டிகளில் அறிமுகமானார். 1979 இல் இங்கிலாந்து சென்ற அணியில் கிர்மானி சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டைச் சேர்ந்த சீனிவாச வெங்கடராகவன் அவ்வணியின் தலைவர். நான்கு தேர்வுப் போட்டிகளிலும் பரத் ரெட்டியே காப்பாளராக ஆடினார்.

முதற் போட்டியில் பர்மிங்காமில் இங்கிலாந்து 5 இழப்புகளுக்கு 633 ஓட்டங்கள் குவித்தது. அறிமுகப் போட்டியிலேயே ஒரு காப்பாளருக்கு இதைவிடக் கடினமான வேலை வாய்ப்பது அரிது. அப்போட்டியில் இந்தியா தோற்றது. அடுத்த இரண்டும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. நான்காவது போட்டி இலண்டன் ஓவல் அரங்கில் நடந்தது. வெற்றிக்கு 438 ஓட்டங்கள் தேவை என்ற நிலையில் சுனில் கவாஸ்கர் 221 ஓட்டங்கள் எடுத்தார். 1979 செப்டம்பர் 4 மாலை ஆட்டம் முடிந்தபோது இந்தியா 8 இழப்புகளுக்கு 429 ஓட்டங்கள் எடுத்திருந்தது. இன்னும் 9 ஓட்டங்களே தேவைப்பட்டன. அப்போது களத்தில் நின்ற இருவர் கர்சன் காவ்ரியும் பரத் ரெட்டியும் ஆவர். கவாஸ்கரின் ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது. முனையில் ஆட்டமிழக்காமல் 5 ஓட்டங்களுடன் நின்றவரின் பெயரை நினைவிற் கொண்டோர் குறைவு.

அதுவே இவரது கடைசித் தேர்வுப் போட்டியாயிற்று. ஒரு வாரத்தில், செப்டம்பர் 11 அன்று, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான தொடர் சென்னை சேப்பாக்கத்தில் தொடங்கியபோது கிர்மானி மீண்டும் அழைக்கப்பட்டார். சொந்த ஊர் அரங்கில் பரத் ரெட்டிக்கு இடமில்லை. 1980-81 இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்திற்கு மறுபடியும் மாற்றுக் காப்பாளராகச் சென்றார். மொத்தம் 4 தேர்வுப் போட்டிகளில் 9 பிடிகள், 2 ஸ்டம்பிங்குகள், 38 ஓட்டங்கள் (சராசரி 9.50), 3 ஒருநாள் போட்டிகள். அவரது காப்புத் திறனைவிட இந்த 38 ஓட்டங்களே அவருக்கு எதிராக நின்றன எனலாம். கிர்மானி பின்வரிசையில் நம்பத்தக்க மட்டையாளராகவும் விளங்கினார். பரத் ரெட்டி பிற்காலத்தில் சென்னைக் கழக ஆட்டத்தில் செம்பிளாஸ்ட் நிறுவன அணியுடன் இணைந்து இளம் ஆட்டக்காரர்களை உருவாக்குவதில் ஈடுபட்டார்.

தினேஷ் கார்த்திக்

1985 சூன் 1 அன்று சென்னையில் பிறந்த தினேஷ் கார்த்திக், 2004 செப்டம்பர் 5 அன்று இலார்ட்ஸ் அரங்கில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் போட்டியில் அறிமுகமானார். அப்போட்டியில் ஹர்பஜன் சிங்கின் பந்தில் மைக்கேல் வாகனை அவர் ஸ்டம்பிங் செய்தது பெரிதும் பாராட்டப்பட்டது. நவம்பரில் மும்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகத் தேர்வுப் போட்டியிலும் பார்த்திவ் பட்டேலுக்கு மாற்றாக இடம் பெற்றார். 2004 டிசம்பரில் மகேந்திர சிங் தோனி ஒருநாள் போட்டிகளில் அறிமுகமானார். ஓராண்டு கழித்து, 2005 டிசம்பர் 2 அன்று, இலங்கைக்கு எதிராகத் தோனி தம் முதல் தேர்வுப் போட்டியை ஆடினார். கார்த்திக்கின் இடத்தில் அவர் காப்பாளராக நின்ற அரங்கு, பரத் ரெட்டிக்கு நேர்ந்தது போலவே, சேப்பாக்கம்தான்.

தோனி 90 தேர்வுப் போட்டிகளில் ஆடி 2014 டிசம்பரில் அவ்வகை ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அக்காலத்தில் இந்தியாவில் காப்பாளராக வளர்ந்த எவருக்கும் வழி அடைபட்டிருந்தது. கார்த்திக் வேறு வழி தேடினார். 2007 சனவரியில் கேப்டவுனில் தோனி காயமுற்றதால் அழைக்கப்பட்ட அவர், துவக்க மட்டையாளராகவும் இறங்கி 63 ஓட்டங்கள் எடுத்தார். அவ்வாண்டு கோடையில் இங்கிலாந்தில் தோனி காப்புச் செய்ய, கார்த்திக் துவக்க மட்டையாளராக மட்டும் ஆடி 263 ஓட்டங்கள் எடுத்தார்; அத்தொடரில் இந்திய அணியில் மிகுதியான ஓட்டங்கள் எடுத்தவர் அவரே. இந்தியா தொடரை 1-0 எனக் கைப்பற்றியது. ஒரு காப்பாளர் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு முற்றிலும் வேறொரு வேலையில் இவ்வளவு வெற்றி பெற்றது வியப்புக்குரியது.

அது நீடிக்கவில்லை. 2008 இல் இலங்கைச் சுற்றுப்பயணத்தில் தோனி ஓய்வு எடுத்துக்கொண்டபோது கிடைத்த வாய்ப்பைக் கார்த்திக் பயன்படுத்திக் கொள்ள இயலவில்லை. மூன்றாவது போட்டியில் பார்த்திவ் பட்டேல் ஆடினார். மாற்றுக் காப்பாளரின் இக்கட்டு இதில் வெளிப்படுகிறது. முதன்மை ஆட்டக்காரருக்கு இரண்டு தோல்விகள் பொருட்டல்ல. மாற்று ஆட்டக்காரர் பல மாதம் ஆடாமல் இருந்து திடீரென இறங்கும் அந்த இரண்டு போட்டிகளைக் கொண்டே எடைபோடப்படுகிறார். 2009 இல் நேப்பியரிலும் 2010 சனவரியில் சிட்டகாங்கிலும் தோனியின் முதுகுவலி காரணமாக மீண்டும் ஆடினார். பின்னர் எட்டாண்டுகள் தேர்வுப் போட்டி இல்லை. 2018 சூனில் பெங்களூரில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக அவர் திரும்பியபோது இடையில் இந்தியா 87 தேர்வுப் போட்டிகள் ஆடி முடித்திருந்தது. அவ்வாண்டு இங்கிலாந்தில் இரு போட்டிகளுக்குப் பின் அவ்விடம் ரிஷப் பண்டுக்குச் சென்றது.

குறுகிய ஓவர் ஆட்டத்தில் நிலைமை சற்று வேறு. 2018 மார்ச்சு 18 அன்று கொழும்பில், தோனிக்கு ஓய்வளிக்கப்பட்ட முத்தரப்புத் தொடரின் இறுதிப் போட்டியில், 12 பந்துகளில் 34 ஓட்டங்கள் தேவைப்பட்டபோது கார்த்திக் களமிறங்கினார். வங்காளதேசத்தின் ரூபெல் உசேன் வீசிய ஓவரில் 22 ஓட்டங்கள் எடுத்தார். கடைசிப் பந்தில் 5 ஓட்டங்கள் தேவை என்றபோது ஆறு அடித்து வென்றார். 8 பந்துகளில் 29 ஓட்டங்கள். இருபது20 ஆட்டத்தில் கடைசி ஓவர்களில் மட்டும் இறங்கி ஆடுவதை அவர் தனித் தொழிலாகவே பயின்றார். அதன் பயனாக 2022 இல், 37 வயதில், இந்திய அணிக்குத் திரும்பினார். 2006 இல் இந்தியாவின் முதல் பன்னாட்டு இருபது20 போட்டியில் ஆட்ட நாயகனாக இருந்தவர், அவ்வகைப் பன்னாட்டு ஆட்டத்தில் முதல் அரைச்சதத்தை 2022 சூனில்தான் எடுத்தார். 26 தேர்வுப் போட்டிகள், 94 ஒருநாள் போட்டிகள், 60 பன்னாட்டு இருபது20 போட்டிகள் என்ற கணக்குடன் 2024 சூன் 1 அன்று ஓய்வை அறிவித்தார்.

விதி மாற்றம்

2017 அக்டோபர் வரை, ஆட்டத்தின் நடுவே காப்பாளர் காயமுற்றால், பதிலாகக் களமிறங்கும் மாற்று ஆட்டக்காரர் காப்புச் செய்ய விதி இடம் தரவில்லை. பதினொருவருள் ஒருவரே கையுறை அணிய வேண்டியிருந்தது. 1986 இல் இலார்ட்ஸ் அரங்கில் இங்கிலாந்தின் புரூஸ் பிரெஞ்ச் காயமுற்றபோது, நியூசிலாந்து அணித்தலைவர் ஜெரமி கோனியின் இசைவுடன், ஏற்கனவே ஓய்வு பெற்றிருந்த 45 வயது பாப் டெய்லர் விருந்தினர் கூடாரத்திலிருந்து வந்து காப்புச் செய்தார். (டெய்லரும் ஆலன் நாட்டின் பின்னால் பல்லாண்டுகள் காத்திருந்தவர்.) புதிய விதிப்படி நடுவர்களின் ஒப்புதலுடன் மாற்று ஆட்டக்காரர் காப்புச் செய்யலாம். 2021 நவம்பரில் கான்பூரில் விருத்திமான் சாகாவுக்குக் கழுத்து வலி ஏற்பட்டபோது, தேர்வுப் போட்டியில் அதுவரை அறிமுகமாகாத கே. எஸ். பரத் இவ்வாறு காப்புச் செய்து இரு பிடிகளும் ஒரு ஸ்டம்பிங்கும் செய்தார்.

அண்மைக் காலம்

கோயம்புத்தூரைச் சேர்ந்த நாராயண் செகதீசன், 2022 நவம்பர் 21 அன்று அருணாசலப் பிரதேசத்திற்கு எதிரான விஜய் அசாரே கோப்பைப் போட்டியில் 141 பந்துகளில் 277 ஓட்டங்கள் எடுத்தார். 2025 சூலையில் இங்கிலாந்தில் ரிஷப் பண்டின் கால் காயமுற்றதால், ஐந்தாவது தேர்வுப் போட்டிக்கு அவர் அழைக்கப்பட்டார். போட்டி நடந்தது ஓவல் அரங்கில். காப்பாளராக துருவ் சுரேல் ஆடினார். செகதீசன் மாற்றுக் காப்பாளராக அணியில் இருந்தார்.